மேகசினை எடுத்தால் மட்டும் காலி ஆகாது: .22 பிஸ்டலைக் கழற்றி, துடைத்து, மாட்டுவது எப்படி?

"காலியாத்தான் இருக்கு!" துப்பாக்கி இருக்கும் இடத்தில் சகஜமாகக் காதில் விழும் வார்த்தை இது. ஆபத்தான வார்த்தையும் இதுதான். மேகசினை உருவியதுமே பிஸ்டல் காலி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட ஒரு தோட்டா, பேரலின் பின்பக்கம் உள்ள சேம்பரில், அதாவது தோட்டா அறையில், அப்படியே உட்கார்ந்திருக்கும். துடைப்பதற்காக மேஜையில் வைத்த பிஸ்டல் வெடிக்க அந்த ஒன்று போதும்.

விளையாட்டுக்காக .22 பிஸ்டலுக்கு உரிமம் வாங்கியிருக்கிறீர்களா? வீட்டில் யாராவது ரைஃபிள் கிளப்புக்குப் பயிற்சிக்குப் போகிறார்களா? அப்படியென்றால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

.22-ல் ஏன் இவ்வளவு அழுக்கு?

25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் பயன்படுவது 5.6 மில்லிமீட்டர் அளவுள்ள ரிம்ஃபயர் தோட்டா. நாம் .22 என்கிறோமே, அதுதான். பெரிய தோட்டாக்களில் வெடிப்பைத் தொடங்கும் ரசாயனம் அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குமிழாக இருக்கும். .22-ல் அது அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பில் தட்டினால்தான் தோட்டா வெடிக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிந்துகொள்ளலாம். ஒன்று, விளிம்பில் ரசாயனம் சரியாகப் பரவாத தோட்டா சில நேரம் வெடிக்காமல் போகும். இரண்டு, குண்டு பெரும்பாலும் ஈயம். அதன் மேல் மெழுகோ, எண்ணெய்ப் பூச்சோ இருக்கும். மெழுகு, ஈயத்தூள், கரி மூன்றும் சேர்ந்து பிசுபிசுப்பான கறுப்புப் படிவாகச் சேம்பரிலும் போல்ட் முகத்திலும் ஒட்டிக்கொள்ளும். தோட்டா சிக்குவது, காலி உறை வெளியே வராமல் மாட்டிக்கொள்வது போன்ற தொல்லைகளுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் படிவைத்தான்.

பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் மொத்தம் 60 குண்டுகள். இரண்டாம் பாதியில் இலக்கு 3 விநாடிதான் தெரியும். அதற்குள் ஒரு குண்டு சுட வேண்டும். அந்த நேரத்தில் பிஸ்டல் சிக்கினால்? எல்லாச் சிக்கலுக்கும் மறுவாய்ப்பு கிடைக்காது. மேகசினைச் சரியாக மாட்டவில்லை, சேஃப்டியை விடுவிக்கவில்லை என்றால் அது வீரரின் தவறாகவே கணக்கில் வரும்.

படி 1: காலி செய்வது. வரிசை மாறக் கூடாது!

1. குழல்முனை ஆள் இல்லாத, குண்டு பாய்ந்தாலும் ஆபத்தில்லாத திசையில் இருக்கட்டும். விரல் ட்ரிகருக்கு வெளியே.
2. முதலில் மேகசினை எடுங்கள்.
3. அடுத்து ஸ்லைடை அல்லது போல்ட்டைப் பின்னால் இழுத்துத் திறந்து நிறுத்துங்கள்.
4. வெளிச்சத்தில் சேம்பரைக் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டுவிரலாலோ மெல்லிய குச்சியாலோ தொட்டுப் பாருங்கள்.
5. தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டும் மூன்றும் இடம் மாறினால் என்ன ஆகும்? மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்து விட்டால், பழைய தோட்டா வெளியே விழும். புதுத் தோட்டா உள்ளே ஏறிவிடும். அப்புறம் மேகசினை எடுத்து என்ன பயன்? தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்து "எடுத்தாச்சு" என்று நம்புவோம். உள்ளே இன்னொன்று காத்திருக்கும்.

படி 2: கழற்றுவது. உங்கள் மாடலின் கையேடு எங்கே?

எல்லா பிஸ்டலுக்கும் ஒரே முறை கிடையாது. உதாரணத்துக்கு, அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1949-ல் தன் முதல் .22 பிஸ்டலைக் கொண்டுவந்தது. அதன் மார்க் 1, 2, 3 வரிசைகளில் கைப்பிடியின் பின்பக்கத் தாழ்ப்பாளைத் திறந்து, ஊசி போன்ற பாகத்தை உருவி, பிறகுதான் போல்ட்டை வெளியே எடுக்க முடியும். திரும்ப மாட்டும்போது உள்ளே ஒரு சின்னத் தண்டு சரியான குழியில் உட்காராவிட்டால் அத்தனையும் இறுகிக்கொள்ளும். 2016-ல் வந்த மார்க் 4-ல் பின்பக்கம் ஒரு பட்டன். அழுத்தினால் மேல்பாகம் மடங்கிக் கையோடு வந்துவிடும். ஒரே நிறுவனம், பார்க்கவும் ஒரே சாயல், ஆனால் கழற்றும் முறையோ வேறு வேறு.

இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. மார்க் 4-ஐ சேஃப்டி போட்ட நிலையில் கழற்ற வேண்டும். பழைய வரிசைகளிலோ, சுத்தியலை இறக்குவதற்காக ட்ரிகரை ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கும். துடைக்க உட்கார்ந்தவரே ட்ரிகரை அழுத்தும் கட்டம் அது! அதனால் அழுத்துவதற்கு முன் படி 1-ஐ மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். ஒருமுறை பார்த்ததுதானே என்று விட்டுவிடாதீங்க.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான கையேடு இருந்தால், போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் ஒரு படம் எடுத்தால் திரும்ப மாட்டுவது சுலபம். வரிசை எண் தெரியும் படங்களை வாட்ஸ்அப்பில் பகிர வேண்டாம். ஸ்பிரிங் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது அவசியம்.

படி 3: துடைப்பது

சமையல் மேடையும் சாப்பாட்டு மேஜையும் இதற்கு இடமில்லை. வரும் அழுக்கில் ஈயம் இருக்கிறது. ஜன்னல் திறந்த அறையில் பழைய செய்தித்தாளை விரித்து வேலை செய்யுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. வாயால் ஊதித் தூசியை அகற்றாதீங்க. சுத்தம் செய்யும் திரவம் தீப்பற்றக்கூடியது. அடுப்பும் பூஜை விளக்கும் எட்ட இருக்கட்டும்.

* சேம்பர், போல்ட் முகம், காலி உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி: படிவு அதிகம் சேரும் இடங்கள் இவை. நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். அழுக்கைச் சுரண்ட இரும்பு ஊசி வேண்டாம்.
* பேரல்: முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்து முன்னோக்கியே துடையுங்கள். குழல்முனை வழியாகக் கம்பியைத் திணித்தால் அதன் விளிம்பு தேயும். குறி தவறுவதற்கு அந்தச் சின்னத் தேய்மானமே போதும். பேரலை அளவுக்கு மீறித் தேய்ப்பதும் கெடுதல்தான்.
* மேகசின்: உள்ளே எண்ணெய் விடாதீர்கள். உலர்ந்த துணியே போதும்.

முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் காபி, டீ எல்லாம்.

படி 4: எண்ணெய். துளி போதும்

உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களில் மட்டும் துப்பாக்கி எண்ணெய் ஒரு துளி. அதிகம் விட்டால் தூசியும் கரியும் ஒட்டிப் பசையாகும். ஃபயரிங் பின் ஓடும் பாதை உலர்ந்தே இருக்கட்டும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வியர்வைக் கைரேகைகூடத் துருவைக் கிளப்பும். வெளிப்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். தோல் உறைக்குள் நாள்கணக்கில் வைத்தால் ஈரம் தங்கும். பூட்டிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது.

படி 5: மாட்டிப் பார்ப்பது

மாட்டியபின் போல்ட் தடையில்லாமல் ஓடுகிறதா, சேஃப்டி பிடிக்கிறதா என்று காலி நிலையிலேயே பாருங்கள். தோட்டா இல்லாமல் ட்ரிகரைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பழகாதீர்கள். பல .22 மாடல்களில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதி அதைச் சேதப்படுத்தும். உங்கள் மாடலுக்கு ஏற்ற போலித் தோட்டாவைப் பயன்படுத்தலாம். உண்மைத் தோட்டாவை வீட்டில் போட்டுச் சோதிக்கவே கூடாது. அது ரேஞ்சில் மட்டும். அங்கே தோட்டா வெடிக்கவில்லை என்றால், முனையை இலக்குப் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு.

எங்கே கையை எடுக்க வேண்டும்?

கையேட்டில் 'பயனர் கழற்றலாம்' என்று சொல்லும் பாகங்கள் வரைதான் உங்கள் வேலை. ட்ரிகரின் உள் பாகங்கள், சுத்தியல், சேஃப்டி ஆகியவற்றை அரம் போட்டுத் தேய்ப்பது உயிரோடு விளையாடுவது. 25 மீட்டர் போட்டி விதிப்படி ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் போட்டியிலும் அனுமதி இல்லை.

ஆயுதச் சட்டம் 1959-ன் 5-வது பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் தேவை. "தெரிந்த லேத் பட்டறைதான்" என்று கொண்டுபோய்க் கொடுக்காதீங்க. உரிமம் பெற்றவரிடம் மட்டும், உங்கள் உரிமத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, காலி பிஸ்டலைப் பெட்டியில் வைத்துக் கொண்டு செல்லுங்கள்.

2019-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆயுத உரிமம் 5 ஆண்டுகள் செல்லும். உங்கள் உரிமம் முடியும் தேதியைப் போன் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். பிஸ்டல் தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

போனில் சேமித்து வைக்க

மேகசின் முதலில், சேம்பர் அடுத்து. கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை. தோட்டா வேறு அறையில். ட்ரிகரை அழுத்துமுன் எல்லாம் மறுபடியும்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த முறை யாராவது "காலியாத்தான் இருக்கு" என்று பிஸ்டலை நீட்டினால், கோபித்துக்கொள்ள மாட்டார்கள், "திறந்து காட்டிட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள்.