வலது பக்கம் வரும் லாரி

கேள்வி: எனக்கு வயது 54. ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. இரண்டு வருடமாக வலது காது மந்தம். உள்ளே ஓயாத இரைச்சல். சரிவில் இறங்கினால் தள்ளாடுகிறது. ஈப்போவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, காது நரம்பில் 11 மில்லிமீட்டர் கட்டி என்றார்கள். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தலையில் கட்டியோடு எப்படிச் சும்மா இருப்பது? லயத்தில் புற்றுநோய் என்கிறார்கள்.

பதில்: இது புற்றுநோய் இல்லை, அம்மா. உடம்பில் வேறெங்கும் பரவாது. அக்கூஸ்டிக் நியூரோமா என்று பெயர். காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பின் உறையில் வளரும் கட்டி. பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். பல வருடம் வளராமலே கிடப்பதும் உண்டு. ஆகவே உங்களைக் கைவிட்டு அனுப்பவில்லை. இந்த அளவுக் கட்டிக்குக் காத்திருந்து அளந்து பார்ப்பதே ஒரு சிகிச்சை முறை. ஆனால் கொழுந்து அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று மறு ஸ்கேனை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய ஸ்கேனின் சிடியைக் கையோடு கொண்டு போங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் வளர்ந்ததா என்று தெரியும்.

வளர்ந்திருந்தால் குறிபார்த்துச் செலுத்தும் கதிர்வீச்சு உண்டு, அறுவைச் சிகிச்சை உண்டு. முகத்தை அசைக்கும் நரம்பு இந்தக் கட்டியை ஒட்டியே போகிறது. வாய் கோணுமா, கண்ணை மூட முடியாமல் போகுமா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். போன கேட்கும் திறன் திரும்புவது அரிது. இதை மறைப்பதில் உங்களுக்கு நன்மை இல்லை.

எனக்குக் கட்டியைவிடப் பெரிய கவலை உங்கள் மலைச்சரிவுதான். அந்த எட்டாவது நரம்புதான் சமநிலையையும் பார்க்கிறது. ஒரு பக்கம் அது பழுதானால் உடம்பு கண்ணையும் பாதத்தையும் நம்பி நிற்கும். உங்கள் கேமரன் மலையில் விடியற்காலையில் பனிமூட்டம் இறங்கினால் கண்ணின் துணை போய்விடும். மழையில் நனைந்த மண்ணில் பாதத்தின் துணையும் போய்விடும். மூட்டம் கலைந்தபின் ஏறுங்கள். கையில் ஒரு கோல் இருக்கட்டும். சமதளத்தில் வேலை மாற்றித் தரும்படி டாக்டரிடம் கடிதம் வாங்கி மண்டோரிடம் கொடுங்கள். தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் பணம் கட்டியவர் என்றால், வேலை செய்யவே முடியாத நிலை வந்தால் ஈலாட் (இயலாமை) பென்ஷன் பற்றி அங்கே விசாரியுங்கள்.

ஒரு காதால் மட்டும் கேட்பவருக்குச் சத்தம் எந்தத் திசையில் என்று பிடிபடாது. தோட்டத்துக் குறுகிய பாதையில் லாரி பின்னால் வருகிறதா, வலப்பக்கமா என்று காதை நம்பி ஒதுங்காதீர்கள். நின்று, திரும்பிப் பாருங்கள். கூட நடப்பவரை இடது பக்கம் வரச் சொல்லுங்கள்.

முகம் மரத்தல், வாய் கோணல், இரட்டைப் பார்வை, விடாத தலைவலியோடு வாந்தி: இதில் ஒன்று வந்தாலும் ஆறு மாதம் காத்திராமல் அன்றே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஈப்போவுக்குத் தனியாகப் போகாதீர்கள். மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப்போங்கள். டாக்டர் உங்கள் இடது பக்கம் வரும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காருங்கள்.