விலகிப் போக விடும் ஊர்

கேள்வி: ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டும் பாஸ்டன் பக்கம்தான் இருக்கின்றன. வென்ச்சர் கேப்பிட்டலும் அங்கேதான் பிறந்தது என்று படித்தேன். பிறகு எப்படி சிலிக்கான் பள்ளத்தாக்கு முந்திக்கொண்டது? அங்கே இருப்பவர்களுக்குத் துணிச்சல் அதிகமா? நான் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினீயர். சொந்தமாகத் தொடங்க ஆசை. ஆனால் வேலையை விட்டால் இரண்டு வருடம் அதே தொழிலில் இறங்கக் கூடாது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
— வாசகர், ஓசூர்

பதில்: துணிச்சலைப் பிறகு பார்ப்போம். அந்தக் கையெழுத்துக்கும் உங்கள் முதல் கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நீங்கள் படித்தது சரி. ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ 1946-ல் பாஸ்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். 1957-ல் அது 70,000 டாலர் போட்டு டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் 70 சதவீதப் பங்கை வாங்கியது. பழைய கம்பளி மில் ஒன்றில் தொடங்கிய அந்தக் கம்பெனி பின்னாளில் லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுத்தது.

அதே 1957-ல் கலிஃபோர்னியாவில் எட்டுப் பேர் வில்லியம் ஷாக்லி என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்த எண்மர் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களில் நாய்ஸும் மூரும் 1968-ல் ஃபேர்சைல்டையும் விட்டுப் போய் இன்டெலைத் தொடங்கினார்கள். இன்னொருவரான கிளைனர் 1972-ல் முதலீட்டாளராகவே மாறினார். விலகிப் போனவனுக்கு, முன்பு விலகியவனே பணம் போட்டான். பாஸ்டனிலும் பிரிந்து போனவர்கள் உண்டு. ஆனால் அங்கே பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் தங்கள் கோட்டைக்குள்ளேயே செய்துகொண்டன என்று அன்னலீ சாக்சேனியன் என்ற ஆய்வாளர் 1994-ல் எழுதினார். ரொனால்டு கில்சன் என்ற சட்டப் பேராசிரியர் 1999-ல் இன்னொரு காரணத்தைக் காட்டினார்: உங்களிடம் வாங்கிய மாதிரியான கையெழுத்து கலிஃபோர்னியாவில் செல்லாது, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் செல்லும். அங்கே அதைப் பொதுவாக ஓராண்டுக்குள் அடக்கும் சட்டம் வந்ததே 2018-ல்தான்.

இனிதான் சுவாரசியம். டேவிட் டட்லி ஃபீல்டு என்ற வழக்கறிஞர் நியூயார்க்குக்காக ஒரு சிவில் சட்ட வரைவு எழுதினார். நியூயார்க் அதை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா எடுத்துக்கொண்டது, 1872-ல். அந்தக் கையெழுத்து அங்கே செல்லாமல் போனது அதனால்தான். நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் அதே ஆண்டுதான். அதன் 27-வது பிரிவும் அதே வரைவிலிருந்து வந்ததுதான். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது.

சட்டம் மட்டும் போதுமென்றால் ஓசூர் எப்போதோ இன்னொரு சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆகியிருக்கும். இங்கே மூன்று மாத நோட்டீஸும், இழுத்தடிக்கும் ரிலீவிங் லெட்டரும் போதும், ஆளைக் கட்டிப்போட. அதைவிடப் பெரிய சிக்கல், முதல் ஆர்டர். ஃபேர்சைல்டுக்கு ஒரு வயதுகூட ஆகாதபோது ஐ.பி.எம். 100 டிரான்சிஸ்டர் கேட்டது, ஒன்று 150 டாலருக்கு. இங்கே புதுக் கம்பெனியிடம் மூன்று வருட டர்ன்ஓவர் கேட்கிறார்கள்! இதில் துணிச்சல் யாருக்கு வேண்டும்? விற்பவனுக்கு மட்டுமா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்ட பிறகு உங்களைத் தடுக்கும் அந்த ஷரத்து நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆனால் வேலையில் இருந்துகொண்டே போட்டித் தொழில் நடத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். டிசைன் ஃபைல்கள், வாடிக்கையாளர் பட்டியல், எதையும் தொடாதீர்கள். பயிற்சிச் செலவுக்கு பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது தனி விவகாரம். ஆர்டரோடு அதையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உங்கள் திட்ட அறிக்கையைக் கம்பெனி லேப்டாப்பில் அடிக்க வேண்டாம்.