புதுப் பதிப்பு வந்தாச்சு... மாற்றலாமா?



இது வீடியோ யுகம். கேளம்பாக்கத்தில் இறங்கி, கோவளம் ரோட்டிலோ திருப்போரூர் ரோட்டிலோ கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஏதாவது ஒரு போட்டோ, வீடியோ ஸ்டுடியோ போர்டு கண்ணில் படும். நம் டிப்ளமோ மாணவர்கள் சிலர் லீவு நாளில் அங்கே உதவிக்குப் போவதும் உண்டு. நானும் போகிறேன். நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அதனால் கம்ப்யூட்டர் என்றாலே எல்லோரும் நம்மைத்தான் கேட்பார்கள். "தம்பி, எடிட்டிங் சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்திருக்காமே, போட்டுடலாமா?" என்று ஓனர் அண்ணன் கேட்டால் என்ன சொல்வது? "புதுசுன்னா நல்லாத்தான்ணே இருக்கும்" என்று சொல்ல நாம் பாலிடெக்னிக்கில் படிக்கவேண்டியதில்லை. சோதித்துப் பார்த்துச் சொல்வதுதான் படித்தவன் பதில். அந்தச் சோதனையைப் பற்றியதே இக்கட்டுரை.

புராஜெக்ட் ஃபைல் என்றால் என்ன?

முதலில் ஒரு கணக்கு. வினாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும் கேமரா, வினாடிக்கு 3 மெகாபைட் எழுதுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜி.பி. ஒரு கல்யாணத்துக்கு 3 கேமரா, ஒவ்வொன்றும் 5 மணி நேரம் என்றால் மொத்தம் 162 ஜி.பி. ஆனால் எடிட்டர் பத்து நாள் உட்கார்ந்து செய்த வேலை முழுவதும் ஒரு சின்ன புராஜெக்ட் ஃபைலில் அடங்கிவிடும்!

காரணம் எளிது. எடிட்டிங் சாஃப்ட்வேர் மூல வீடியோவை வெட்டுவதே இல்லை. எந்த ஃபைல், எந்த இடத்தில் ஆரம்பம், எங்கே முடிவு, என்ன எஃபெக்ட் என்று குறிப்பு மட்டும் எழுதி வைக்கிறது. டெய்லர் கடையில் இருக்கும் துணிதான் வீடியோ. அவர் எழுதி வைக்கும் அளவுச் சீட்டுதான் புராஜெக்ட் ஃபைல்.

புதுப் பதிப்பு என்ன செய்யும்? அந்தச் சீட்டைத் தனக்குத் தெரிந்த புதிய முறையில் திருப்பி எழுதும். அதன்பின் பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். அடோபி பிரீமியர் புரோவிலும் டாவின்சி ரிசால்விலும் புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. இலவச மென்பொருளான கேடென்லைவிலும் 2020 ஆகஸ்டில் வந்த 20.08 பதிப்பில் இப்படி ஒரு மாற்றம் வந்தது. ஆகவே புதுசு நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. "பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வி.

பிலிம் காலத்துப் பாடம்

இந்தக் கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. பிலிம் காலத்தில் எடிட்டர்கள் நெகட்டிவில் கை வைக்கமாட்டார்கள். அதிலிருந்து எடுத்த பாசிட்டிவ் பிரதியைத்தான் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் முடிவான பிறகே, பிலிம் ஓரத்தில் உள்ள எண்களை வைத்து நெகட்டிவை வெட்டுவார்கள். பிரதியில் சோதனை, மூலத்துக்குப் பாதுகாப்பு! 1994-ல் வெளிவந்த கமல்ஹாசனின் 'மகாநதி'யில் அவிட் கம்ப்யூட்டர் எடிட்டிங் முறை வந்தது. கருவி மாறியது, இந்த விதி மட்டும் மாறவில்லை.

2011-ல் நடந்தது

ஆப்பிள் நிறுவனம் 2011 ஜூன் 21 அன்று ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற புத்தம்புதிய பதிப்பை வெளியிட்டு, பழைய 7-ஆம் பதிப்பின் விற்பனையை நிறுத்தியது. புதியதில் பழைய புராஜெக்ட்டைத் திறக்க முடியவில்லை. பல கேமரா காட்சிகளை ஒன்றாக ஓட்டி எடிட் செய்யும் மல்டிகேம் வசதியும் இல்லை. உலகமெங்கும் எடிட்டர்கள் கொதித்துப் போனார்கள். சோதித்துப் பார்க்க 30 நாள் இலவசப் பதிப்பு அந்தச் செப்டம்பரில்தான் வந்தது. மல்டிகேம் 2012 ஜனவரியில் திரும்பியது.

இன்னொரு செய்தி கேளுங்கள். 2020-ல் சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கார் வென்ற கொரியப் படம் 'பாரசைட்', அந்தப் பழைய 7-ஆம் பதிப்பில்தான் எடிட் செய்யப்பட்டது! எடிட்டிங் பிரிவுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. பழசு என்பதால் கைத்திறன் குறைந்துவிடாது.

சோதனை முறை

1. கையில் நடக்கும் வேலையில் சோதிக்காதீர்கள். டெலிவரி கொடுத்து முடித்த பழைய புராஜெக்ட் ஒன்றின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். 3 நிமிடப் பகுதி போதும்.

2. பழைய பதிப்பை அழிக்காதீர்கள். பிரீமியர் புரோவில் இரண்டு பதிப்புகளும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கலாம். ஆனால் புதியதைப் போடும்போது 'பழைய பதிப்பை நீக்கு' என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

3. டாவின்சி ரிசால்வில் புதுசு பழசின் இடத்திலேயே உட்காரும். எனவே முதலில் புராஜெக்ட் லைப்ரரி முழுவதையும் பேக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டால் ஃபைலும் கையில் இருக்கட்டும்.

4. பழைய பதிப்பிலிருந்தே ஒரு ஈடிஎல் அல்லது எக்ஸ்எம்எல் ஃபைல் எடுத்து வையுங்கள். எஃபெக்ட் எல்லாம் வராது. ஆனால் எங்கே வெட்டினோம் என்ற கணக்கு பிழைக்கும்.

5. ஒரே பகுதியை இரண்டிலும் எக்ஸ்போர்ட் செய்து, கடிகாரம் வைத்து நேரத்தைக் குறியுங்கள். கலர், சத்தம், உதட்டசைவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

6. தமிழ் டைட்டிலை மறக்காதீர்கள்! நாங்கள் ஒரு புதுப் பதிப்பைச் சோதித்தபோது வேகம் நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் 'வரவேற்பு' என்று டைப் செய்தால், 'வே'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றிய பிறகே சரியானது. டெலிவரிக்கு முந்தின ராத்திரி இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

எப்போது மாற்றலாம்?

பழசையே கட்டிக்கொண்டு அழவும் கூடாது. 2017 முதல் ஐபோன்கள் எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. இப்போது மாப்பிள்ளை வீட்டார் செல்போனில் எடுத்த காட்சியையும் "இதையும் சேர்த்துடுங்க தம்பி" என்று கொடுக்கிறார்கள். ரொம்பப் பழைய சாஃப்ட்வேர் அதைத் திறக்கவே திறக்காது. மேலே சொன்ன 7-ஆம் பதிப்பும் 2017-ல் வந்த மேக் ஹை சியராவில் ஓடாமல் போயிற்று. கருவிக்கும் ஆயுள் உண்டு.

மாற்றுவது என்று முடிவானால் நாள் பாருங்கள். ஜோசியத்துக்காக அல்ல! தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தம் குவியும். அப்போது கை வைக்கக்கூடாது. கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் சாஃப்ட்வேர் மாற்ற நல்ல மாதங்கள். அப்போதும் தொடங்கிய வேலையைப் பழையதிலேயே முடித்துவிட்டு, புது வேலையைப் புதியதில் ஆரம்பிப்பதே பாதுகாப்பு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். நாம் எடிட் செய்வது ஒரு குடும்பம் வருடக்கணக்காகச் சேர்த்த காசில் நடந்த கல்யாணம். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது. நண்பர்களே, அடுத்த முறை யாராவது "போட்டுடலாமா தம்பி?" என்று கேட்டால், "ஒரு வாரம் டைம் கொடுங்கண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்!