பழைய மடிக்கணினியும் புதிய உறுப்புக்களும்

கருவியொன்று தளர்ந்தவிடத்து அதனை விலக்கிப் புதியதொன்று வாங்குதல் செல்வர்க்கு எளிது. மாணவர்க்கோ, தளர்ச்சி எவ்வுறுப்பின்கண் உளதென்று ஆராய்ந்து அதனை மட்டும் மாற்றுதலே தக்கது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசினர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற இலட்சக்கணக்கான மாணவர் கணினி பெற்றனர். நம் கொங்கு நாட்டு உழவர் இல்லங்களிலும் ஆலைத்தொழிலாளர் இல்லங்களிலும் முதன்முதல் நுழைந்த கணினிகள் பல அவ்வழி வந்தவையே. எல்காட் நிறுவனத்தின் வாயிலாக வழங்கப்பெற்ற அவற்றுள், தொடக்கத்தில் வந்தவை 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் உடையன. அவையும் அவற்றையொத்த பிறவும் மீண்டும் பயன்படுமாறு செய்யும் வழியை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பாத்திக்கு நீர் குறைந்தால், நம் நாட்டு உழவர் உடனே மோட்டாரை மாற்றுவதில்லை; கிணறு, குழாய், வாய்க்கால் ஆகிய மூன்றையும் முன்னர் ஆராய்வர். கணினிக்கும் அம்முறையே பொருந்தும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, கணினி தயங்கும்பொழுது நோக்குக. வன்தட்டின் உழைப்பு நூற்றுக்கு நூறாக நின்றால் குறை தட்டின்கண் உளது. நினைவகம் நிரம்பி நின்றால் குறை அதன்கண் உளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நினைவகம் போதாதவிடத்து அதன் சுமை தட்டின்மேல் ஏறுமாதலின், இரண்டனையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

வன்தட்டு என்பது சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி செகண்டு கொள்ளும். சிதறிக் கிடக்கும் செய்திகளைத் தேடுங்கால் இக்காத்திருப்புப் பல்லாயிரம் முறை நேரும். எஸ்.எஸ்.டி. என்பதிலோ சுழலும் உறுப்பு யாதுமில்லை. ஒரு மில்லி செகண்டினும் மிகக் குறைந்த காலத்தில் அது செய்தியை எடுத்தளிக்கும். ஆகவே, வன்தட்டுடைய பழைய கணினியில் முதற்கண் மாற்றத்தக்கது அதுவே. 2.5 அங்குல சாட்டா வகையே அத்தகைய கணினிகளுக்குப் பொருந்துவது; எம்.2 வகை அவ்விடத்திற் பொருந்தாது.

இனி, ராம் எனப்படும் நினைவகம். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்பன வெவ்வேறு வகையின. ஒன்றன் இடத்தில் மற்றொன்று செல்லாது. சில கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலின் மாற்றவியலாது. அன்றியும், 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்கொள்ளாது. இவற்றை அறியாது வாங்கியோர் பொருளிழப்பர்.

இம்மாற்றங்கட்கும் எல்லையுண்டு. மடிக்கணினியின் செயலியைப் பெரும்பாலும் மாற்றவியலாது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 என்னும் காவலுறுப்பையும் குறித்த செயலிகளையும் வேண்டுவது; 2011-ஆம் ஆண்டுக் கணினிகள் அத்தகுதி உடையன அல்ல. நினைவகத்தை எவ்வளவு பெருக்கினும் இத்தடை நீங்காது. அவற்றிற்கு லினக்ஸ் இயங்குதளமே தக்க புகலாம். கட்டுரை வரையவும், கணக்கிடவும், நிரல் பயிலவும் அது போதும்.

மாற்றத் தொடங்குமுன் மூன்று செய்க: செய்திகளை வேறிடத்துப் படியெடுத்து வைக்க, மின்னிணைப்பையும் பாட்டரியையும் நீக்குக, கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க. செலவு, பழைய கணினியின் பெறுமதியை விஞ்சுமாயின் அதனை விடுத்தலே அறிவுடைமை. விஞ்சாதாயின், ஓர் உறுப்பின் விலையில், நும் தம்பிக்கோ தங்கைக்கோ இன்னும் சில்லாண்டு உதவும் கணினியொன்று வீட்டிலேயே கிடைத்ததாகும்.