பைக்குள் கடிதம்: வீலேனும் வீஎக்ஸ்லேனும்

விளையாட்டுப் போட்டியன்று ஒரே மைதானத்தில் நின்றாலும், இல்லச் சின்னத்தைப் பார்த்தே மாணவியரைப் பிரித்தறிகிறோம். வீலேனும் அப்படித்தான். ஒரே ஆளியில் இணைந்த கணினிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்க, தரவுப் பொதியில் 12 பிட் இலக்கம் ஒன்றைப் பொறிக்கிறது. அதில் பயன்படுபவை 4094. ஒரு பாடசாலைக்கு இது தாராளம். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு எடுக்கும் தரவு நிலையத்துக்குப் போதாது. அதைவிடப் பெரிய தொல்லை, வழியிலுள்ள ஒவ்வோர் ஆளிக்கும் அந்த இலக்கம் தெரிந்திருக்க வேண்டும். மெய்நிகர் கணினி வேறு சேவையகத்துக்கு மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதுதான்.

2014 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 7348 என்னும் ஆவணத்தில் வெளியான வீஎக்ஸ்லேன் வேறு வழியில் போனது. (அதன் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் மகாலிங்கம்!) பல்லேகமயிலிருந்து கொழும்புக்குப் போகும் தபாற்பையை நினையுங்கள். வழியில் பையின் முகவரியை மட்டுமே பார்ப்பார்கள். உள்ளிருக்கும் கடிதங்களை அல்ல. அவ்வாறே முழுப் பொதியும் இன்னொரு ஐ.பி. பொதிக்குள் வைக்கப்படுகிறது. இலக்கத்தை அறிய வேண்டியவை கட்டும் முனையும் அவிழ்க்கும் முனையும் மட்டுமே. இலக்கமும் 24 பிட். ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல்.

வீலேன் ஒழிந்துவிடவில்லை. சேவையகம் ஆளியைத் தொடும் இடத்தில் பெரும்பாலும் இன்றும் அதுவே. ஆளி அதை வீஎக்ஸ்லேன் இலக்கமாக மாற்றிக்கொள்கிறது. பைக்கும் பாரமுண்டு: 50 பைட். அடிப்படை வலையமைப்பின் 1500 பைட் எல்லையை உயர்த்தாவிட்டால் பெரிய பொதிகள் தொலையும்.

ஆனால் பை பூட்டல்ல. வீஎக்ஸ்லேன் எதையும் மறைகுறியாக்குவதில்லை. நோயாளர் பதிவுகளோ பரீட்சைப் பெறுபேறுகளோ அதில் பயணித்தால், ஐ.பி.செக் போன்ற பூட்டைத் தனியாகப் போட வேண்டும்.