தீ அணைந்த பின் மண் சோதனை

சாம்பல் நல்ல உரம் என்பது நம் விவசாயப் பெருமக்கள் வழிவழியாக அறிந்த உண்மை. அடுப்புச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவுகிறோம். கத்தரிச் செடியில் பூச்சி கண்டால் இலைமேலும் தூவுகிறோம். விறகும் வரட்டியும் எரிந்த சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அளவோடு இட்டால் அதனால் பயிருக்கு நன்மையே.

ஆனால் ஒரு வீடு முழுவதும் எரிந்த சாம்பலும் இத்தகையதுதானா? அது விழுந்த மண்ணில் காய்கறி பயிரிடலாமா? குழந்தைகளை விளையாட விடலாமா? இக்கேள்விகளுக்கு விடை காண, 2025 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில் மூண்ட பெருந்தீயையும், அதன் பின் அங்குள்ள வீட்டுக்காரர்களுக்காக நடைபெற்ற இலவச மண் சோதனையையும் ஆராய்வோம்.

தீ பரவிய வரலாறு

2025 ஜனவரி 7 ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் இரண்டு இடங்களில் காட்டுத் தீ மூண்டது. கடற்கரைப் பக்கம் எழுந்தது பாலிசேட்ஸ் தீ எனவும், மலையடிவாரத்தில் எழுந்தது ஈட்டன் தீ எனவும் பெயர் பெற்றன. அப்பகுதியில் பாலைநிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் சாண்டா ஆனா என்னும் வறண்ட காற்று அன்று மிகக் கடுமையாக வீசியது. மழையின்றிக் காய்ந்து கிடந்த புதர்க்காட்டில் பற்றிய தீ, காற்றின் வேகத்தால் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. பின்னர் வீட்டுக்கு வீடு தாவியது. பாலிசேட்ஸ் தீயில் 6,800 க்கும் மேற்பட்ட கட்டடங்களும், ஈட்டன் தீயில் 9,400 க்கும் மேற்பட்ட கட்டடங்களும் அழிந்தன. இருபத்துநான்கு நாட்களுக்குப் பின், ஜனவரி 31 ஆம் நாளன்றுதான் இரண்டும் முற்றிலும் கட்டுக்குள் வந்தன.

ஈட்டன் தீயில் பெருஞ் சேதமுற்றது ஆல்டடீனா என்னும் ஊர். அங்குள்ள வீடுகளில் மிகப் பல, 1978 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டவை. வீட்டு வர்ணங்களில் ஈயம் சேர்ப்பதை அந்நாடு தடை செய்தது அவ்வாண்டில்தான். ஆகவே பழைய வீடுகளின் சுவர்களிலும் கதவுகளிலும் ஈய வர்ணம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

மண்ணில் சேர்ந்தவை எவை?

மரத்தைத் தீ தின்றுவிடும், ஈயத்தைத் தின்னாது. வர்ணம் எரிந்தவுடன் அதிலிருந்த ஈயம் நுண்ணிய தூளாகிப் புகையோடு மேலெழும்பி, காற்று சென்ற திசையில் படிகிறது. 2018 ஆம் ஆண்டு நவம்பரில் அதே மாநிலத்தின் பாரடைஸ் என்னும் ஊரை அழித்த கேம்ப் தீயின் போது, ஈயம் கலந்த புகை நூறு மைலுக்கு அப்பாலும் சென்றது அளந்தறியப்பட்டது. ஆகவே தம் வீடு எரியவில்லை என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அண்டை வீட்டின் சாம்பல் அவருடைய தோட்டத்திலும் விழுந்திருக்கக் கூடும்.

ஈயம் ஒன்றே அன்று. பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஊட்டப்பெற்ற மரத்திலிருந்து ஆர்சனிக் என்னும் பாஷாணம் வரும். பழைய கூரைத் தகடுகளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் நார் வரும். பிளாஸ்டிக் குழாய்களும் மின்கம்பி உறைகளும் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் தோன்றும். மின்கலங்களும் மின்சாதனங்களும் பலவகை உலோகங்களை விட்டுச் செல்லும்.

இவற்றுள் ஈயத்தைப் பற்றியே அதிகக் கவலை கொள்வதற்குக் காரணம் உண்டு. அது மண்ணில் மக்குவதில்லை. மழைநீரோடு எளிதில் கீழிறங்குவதுமில்லை. மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு பல தலைமுறைக் காலம் அங்கேயே தங்கும். தவழும் குழந்தை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. உடலுக்குள் சென்ற ஈயம் அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

சோதனைச் செலவு யாரைச் சேர்ந்தது?

தீக்குப் பின் துப்புரவுப் பணி இரண்டு கட்டங்களாக நடந்தது. முதலில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் மின்கலம், வர்ணம், பூச்சிமருந்து முதலிய ஆபத்தான பொருள்களை அகற்றினர். அடுத்து இராணுவப் பொறியியல் படையினர், இசைவு தந்த வீட்டுக்காரர்களின் மனைகளில் இடிபாடுகளை அள்ளி, வீடு எரிந்த இடத்தில் 6 அங்குலம் வரை மண்ணையும் வெட்டியெடுத்தனர். இதற்கு வீட்டுக்காரர் பணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை.

மண்ணை எடுத்த பின், எஞ்சிய மண் தூய்மையானதா என்று சோதிக்க வேண்டாமா? முந்தைய பெருந்தீக்களுக்குப் பின் அம்மாநிலத்தில் அவ்வாறு சோதிக்கும் வழக்கம் இருந்தது. கேம்ப் தீக்குப் பின் சோதித்தபோது, மண் அள்ளப்பட்ட மனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நச்சு எஞ்சியிருந்ததாகத் தெரிந்து, மீண்டும் வெட்டியெடுக்க நேர்ந்தது. ஆயினும் 2025 இல் கூட்டரசின் அவசரகால நிர்வாக நிறுவனம் இச்சோதனையைச் செய்யவோ அதற்குப் பணம் தரவோ இயலாதெனக் கூறிவிட்டது. 6 அங்குல மண்ணை எடுப்பதே போதும் என்றும், அதற்குக் கீழுள்ள மாசு பெரும்பாலும் தீக்கு முன்பே இருந்ததாகலாம் என்றும் அது காரணம் காட்டியது.

இவ்வாதத்தில் கணக்குப் பார்க்கும் நியாயம் ஒன்று உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. பேரிடர் நிதி பேரிடரின் விளைவுக்கே செலவாக வேண்டும். ஆனால் அம்மண்ணில் வாழப்போகும் குடும்பத்துக்கு, ஈயம் நேற்று வந்ததா, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்ததா என்பது முக்கியமன்று. இருக்கிறதா, இல்லையா என்பதே முக்கியம். மேலும், துப்புரவுப் பணி வீடு எரிந்த இடத்தோடு நின்றது. தோட்டத்தின் மற்றப் பகுதிகளையும், எரியாது நின்ற வீடுகளின் மனைகளையும் அது தொடவேயில்லை.

இந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்யப் பிறர் முன்வந்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை மண் மாதிரிகளை எடுத்து ஆராயச் செய்தது. ஈட்டன் தீப்பகுதியில், எரியாது நின்ற வீடுகளின் மனைகளிலுங்கூட மாநிலம் குறித்த அளவைக் கடந்த ஈயம் காணப்பட்டது. அதன் பேரில் 2025 ஏப்ரலில் மாவட்ட ஆட்சி மன்றம், ஈட்டன் தீப்பகுதியிலும் காற்று சென்ற திசையிலும் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இலவச ஈயச் சோதனை செய்து தர 30 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்களும் மக்கள் கொண்டுவந்த மண்ணை இலவசமாகச் சோதித்துத் தந்தனர். வீட்டுக்காரர் செய்ய வேண்டியிருந்தது முறைப்படி மாதிரி எடுத்து அனுப்புவது ஒன்றே.

மாதிரி எடுக்கும் முறை

வயலின் உரச்சத்தை அறிய மண் எடுக்கும் முறையை நம் விவசாயிகள் அறிவார்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகியவற்றை விலக்கி, ஆங்கில 'வி' எழுத்தைப் போல் 15 செண்டிமீட்டர் ஆழம் வெட்டி, பல இடத்து மண்ணையும் கலந்து, நான்காகப் பகுத்து அரைக் கிலோ எடுக்கிறோம். நச்சுப் பொருளைத் தேடும் சோதனைக்கு இம்முறையை அப்படியே கொள்ளலாகாது. இரண்டுக்கும் நோக்கம் வேறு. உரச் சோதனையில் வயலின் சராசரியை அறிய விரும்புகிறோம்; ஆகவே சந்தேகத்துக்குரிய இடங்களை விலக்குகிறோம். நச்சுச் சோதனையிலோ அந்தச் சந்தேகத்துக்குரிய இடங்களையே தேடிச் செல்கிறோம்.

கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. முதலில் மனையின் படம் ஒன்று வரைந்து, குழந்தைகள் விளையாடும் இடம், காய்கறித் தோட்டம், கூரைநீர் சொட்டும் சுவரோரம் எனப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியின் மண்ணை மற்றொன்றின் மண்ணோடு கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு மிகுந்த இடம் சராசரியில் மறைந்துவிடும்.

2. விளையாடும் இடத்தில் மேல் 1 அங்குல மண்ணை மட்டும் எடுக்க வேண்டும். சாம்பல் விழுவதும் குழந்தையின் கை படுவதும் அங்கேதான். ஆழமாக வெட்டினால், அடியிலுள்ள நல்ல மண் கலந்து அளவு குறைவாகத் தோன்றும். காய்கறிப் பாத்தியில் வேர் செல்லும் 6 அங்குலம் வரை எடுக்கலாம்.

3. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து இடங்களுக்குக் குறையாமல் சம அளவில் எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, நன்கு கலந்து, ஒரு கோப்பை அளவு பிளாஸ்டிக் பையில் இட வேண்டும்.

4. துரு ஏறிய கருவியும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகா. துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி நன்று. ஒரு பகுதி முடிந்ததும் அதைக் கழுவித் துடைத்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும்.

5. பையின் மேல் இடம், ஆழம், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். காற்று வீசும் வேளையில் இவ்வேலை வேண்டாம். கையுறையும் முகமூடியும் அணிந்து செய்து, முடிந்தபின் கை கால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

முடிவைப் படிக்கும் முறை

ஆய்வகம் தரும் தாளில், ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் ஈயம் என்று எழுதியிருக்கும். பத்து லட்சம் பங்கு மண்ணில் இத்தனை பங்கு ஈயம் என்பதே இதன் பொருள். குடியிருப்பு மண்ணுக்குக் கலிபோர்னியா மாநிலம் குறித்த அளவு 80. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் குறித்த அளவு 400 ஆக இருந்து, 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவுகள் மேலும் ஆராய வேண்டும் என்று எச்சரிப்பவை. 79 என்றால் அமுதம், 81 என்றால் நஞ்சு என்று கொள்வது தவறு. அளவு கூடக் கூடக் கவனமும் கூட வேண்டும்; வீட்டில் சிறு குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ இருப்பின் இன்னும் மிகுதியாகக் கூட வேண்டும்.

ஈயம் கண்ட மண்ணில் செய்ய வேண்டுவன

ஈயம் சற்று மிகுதியாக உள்ள மண் முழுவதையும் வெட்டி எறிய வேண்டுமென்பதில்லை. வெறும் மண்ணைப் புல்லாலோ, மரத்தூளாலோ, வேறிடத்து நல்ல மண்ணாலோ மூடினால் புழுதி எழாது. காய்கறிக்கு மேடைப் பாத்தி அமைத்து, அடியில் துணி விரித்து, சோதித்த நல்ல மண்ணை நிரப்பலாம். மக்கிய எருவை நிறைய இட்டு, மண் புளிப்பாகாமல் பார்த்துக்கொண்டால், ஈயம் மண்ணோடு பிணைந்து செடிக்குள் ஏறுவது குறையும். தக்காளி, கத்தரி போன்று காய் தருவனவற்றில் ஈயம் சேர்வது சொற்பம். முள்ளங்கி போன்ற கிழங்குகளிலும் கீரைகளிலும் மண் ஒட்டியிருப்பதால் ஆபத்து அதிகம். அவற்றை நன்கு கழுவ வேண்டும், கிழங்கின் தோலைச் சீவ வேண்டும். செருப்பை வாயிலிலேயே விட்டு வீட்டுக்குள் நுழையும் நம் வழக்கம், புழுதி உள்ளே வருவதைத் தடுக்க மிகச் சிறந்த வழியாகும். அளவு மிகவும் மிகுந்த இடத்தில் மட்டும் மண்ணை அகற்றுதல் வேண்டும். அங்கு வாழும் குழந்தைகளின் இரத்தத்தையும் சோதித்தல் நலம்.

நமக்கு உரிய பாடம்

பனையோலையும் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு கட்டிய குடிசை எரிந்த காலத்தில், மிஞ்சியது பெரும்பாலும் விறகுச் சாம்பலே. இன்றைய வீட்டிலோ பி.வி.சி. குழாய், ஆஸ்பெஸ்டாஸ் தகடு, தொலைக்காட்சிப் பெட்டி, இன்வெர்ட்டர் மின்கலம் எல்லாம் உள்ளன. இந்தியாவில் வீட்டு வர்ணத்தில் ஈயத்துக்கு வரம்பு விதித்த சட்ட விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் பூசிய வர்ணங்களில் ஈயம் இருக்கக் கூடும்.

மற்றொன்றும் நினைவில் இருத்தத் தக்கது. 2015 இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலிய பன்னிரண்டு இயல்புகளையே அளக்கிறது. அவற்றுள் ஈயம் இல்லை, ஆர்சனிக் இல்லை. அட்டை நன்றாயிருப்பதால் மண்ணில் நச்சில்லை என்று முடிவு கட்ட இயலாது. நச்சு உண்டென்று ஐயுற்றால், கன உலோகங்களை அளக்கும் வசதியுள்ள ஆய்வகத்துக்கே மாதிரியை அனுப்ப வேண்டும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. ஊரில் வீடோ கடையோ கிடங்கோ தீக்கிரையானால், அந்தச் சாம்பலையும் இடிபாடுகளையும் வயலிலோ ஏரியிலோ குளத்திலோ கொட்ட விடலாகாது. ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, தனியே கட்டி வைக்கச் செய்ய வேண்டும். அகற்றும் வரை குவியலைத் தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். செம்புக்காக மின்கம்பிகளைக் கொளுத்துவதைத் தடுக்க வேண்டும். அவ்வாறு கொளுத்திய இடம் இருப்பின் அங்குக் குழந்தைகளை விளையாட விடலாகாது.

தீயில் வீட்டை இழந்த ஏழை, முதலில் கூரைக்குத்தான் வழி தேடுவான். மண்ணைச் சோதிக்கப் பணம் தேட மாட்டான். அவன் தோட்டத்துச் சாம்பல் அவனோடு நிற்பதுமில்லை; காற்று அதை அண்டை வீட்டுக் குழந்தையிடமும் கொண்டு சேர்க்கிறது. சோதனைச் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டுவதில்லை. ஆகவே தீ விபத்து நேர்ந்த ஊராட்சிகளில் உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்து, நிவாரணத்தோடு மண் சோதனையையும் சேர்த்துக் கேட்டுப் பெற ஆவன செய்வார்களாக.