கையெழுத்து வைக்க முன்

ஹெந்தளை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன்,

இன்சூரன்ஸ்காரன் நட்டஈட்டுக்கான டிஸ்சார்ஜ் கடதாசியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறானாம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம் என்று உன் அம்மா நேற்று ரெலிபோனில் சொன்னாள். கார் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. முதலில் விபத்தில் வந்த அந்தக் கழுத்து நோவை டொக்டரிடம் காட்டு. கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கவே கஷ்டப்படுகிறாயாமே, அதையேன் எனக்குச் சொல்லவில்லை?

நீ கோபத்தில் இரண்டு கணக்கை ஒன்றாக்கிச் சண்டை பிடிக்கிறாய். திருத்தச் செலவு வேறு, செசி அடிபட்டதால் கார் இழந்த விலை வேறு.

திருத்தக் காசில் ஏன் வெட்டினார்கள் என்று கேட்டாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில்தான் கார்களுக்கு வழி விட்டார்கள். இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. நீயோ வருடா வருடம் பழைய தொகைக்கே பொலிசியைப் புதுப்பித்தாய். சந்தை விலை 60 லட்சம், பொலிசியில் 40 லட்சம் என்றால், 3 லட்சம் திருத்தத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். அந்த நிபந்தனை உன் பொலிசியில் இருக்கிறதா என்று வரி வரியாக வாசி. இருந்தாலும், சந்தை விலையை எதை வைத்துப் போட்டார்கள், பழைய பாகமென்று எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத்தில் கேள். அசெசர் வாயால் சொன்னது கணக்கில்லை. ஓட்டோமொபைல் அசோசியேஷனில் நீயாகவும் ஒரு மதிப்பீடு எடு.

விலை இறக்கத்தை உன் கம்பனியிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. பெரும்பாலான பொலிசிகள் அதை வெளியே தள்ளிவிடும். அதைக் கேட்க வேண்டியது பின்னால் வந்து இடித்த லொறிக்காரனிடம். நமது ரோமன் டச்சுச் சட்டப்படி, கவனயீனத்தால் உன் சொத்தின் மதிப்பைக் குறைத்தவன் நட்டம் தர வேண்டும். வழக்குப் போட 2 வருடம்தான். அதனால் பொலிஸ் அறிக்கையின் பிரதி, கராஜில் செசியைப் பிடித்த படங்கள் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வை.

அந்தக் கடதாசியில் ‘இந்த விபத்துச் சம்பந்தமான எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான இறுதித் தீர்வாக’ என்று இருந்தால், அதில் கையெழுத்து வைத்தபிறகு உன் கம்பனி உன்னைத் திரும்பிப் பார்க்காது. லொறிக்காரனின் சட்டத்தரணியும் அதைத்தான் தூக்கிக் காட்டுவான். உன் அப்பாவின் சன்னி காருக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஏஜென்ட் இதே மாதிரிக் கடதாசியைச் சிரித்துக்கொண்டு நீட்டினான், மனுஷன் பொனட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார். “ஆர் அண்ணை இதுக்குப் பின்னால அலையிறது” என்று பிறகு என்னிடமே சொன்னார். கராஜில் தூக்கிப் பார்த்தபோதுதான் செசி வளைந்தது தெரிந்தது. கம்பனி அந்தக் கையெழுத்தையே காட்டியது. பேலியகொடைத் தரகன் கேட்ட விலைக்கு விற்றார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தால் பேனையைப் பறித்திருப்பேன். சரி, அது பழைய கதை.

நீ காசை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், தப்பில்லை, கல்யாணச் செலவும் வருகிறது. ஆனால் வாங்குவதென்றால் ‘மீதியைக் கோரும் உரிமையை விடாமல் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்கு. அதற்கு அவர்கள் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பிலேயே விஷயம் விளங்கும். கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடு, சரிவராவிட்டால் 2005 முதல் இருக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போ, அங்கே கட்டணமில்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம், அது கோட்டையில் உலக வர்த்தக மையத்தில்தான், உன் ஒபிசிலிருந்து நடக்கிற தூரம். நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே.

நீண்டு போய்விட்டது, கோபிக்காதே. நீ எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன், தனியாக நின்று வீடு பார்க்கிறவன், உனக்குச் சொல்லித்தர நான் ஆர். நீ எந்த முடிவெடுத்தாலும் பெரியப்பா உன் பக்கம்தான், கையெழுத்து வைத்தாலும்கூட. வியாழக்கிழமை இரவு சாப்பிட வா, பெரியம்மா நண்டுக் கறி வைக்கிறாளாம். அந்தக் கடதாசியையும் எடுத்து வா. கழுத்து நோவோடு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் இடிபடாதே, நானே வந்து ஏற்றுகிறேன். உன் கார் கராஜிலிருந்து வரும்வரை என்னுடைய காரை வைத்துக்கொள். பெற்றோல் நிறைய அடித்திருக்கிறேன், காசு கீசு என்று பேச்செடுக்காதே.

அன்புடன்,
பெரியப்பா